வாடகைக்கு ஒரு சங்கு

எதிர் வீட்டுக்காரருக்குப் புனேவுக்கு மாற்றல். நொய்டாவில் எங்கள் அடுக்ககத்தில் இது சகஜம். பதினோரு மாத ஒப்பந்தம் முடிகிற சமயம் வந்தால் யாராவது ஒருவர் வீட்டு வாசலில் அட்டைப் பெட்டிகள் அடுக்கியிருக்கும், கீழே லாரி நிற்கும். போகிறவர்கள் எதையாவது நம் தலையில் கட்டிவிட்டுப் போவார்கள். துளசித் தொட்டி, செயின் கழன்ற சைக்கிள், குளிர்கால ஹீட்டர் என்று எங்கள் வீட்டில் இப்படிச் சேர்ந்த பொருட்கள் நிறைய. இவர் விட்டுப் போனது மூன்று நண்டுகள்.

"வெச்சுக்கோங்க பாய்சாப், ஒரு வேலையும் இல்லை. ரெண்டு நாளைக்கு ஒருதரம் தண்ணி தெளிச்சாப் போதும்" என்றார். மகள் அதற்குள் பெட்டியைக் கையில் வாங்கியாயிற்று. செருப்புப் பெட்டி அளவில் ஒரு பிளாஸ்டிக் டப்பா. உள்ளே கலர் கூழாங்கல், காய்ந்துபோன ஒரு ஸ்பாஞ்சு, மூன்று சங்குகள். ஒன்றின் மேல் ஸ்பைடர்மேன் படம், ஒன்றில் கால்பந்து, இன்னொன்று முழுக்க ரோஸ் பெயின்ட். ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு நண்டு. நம் பள்ளிக்கூடப் புத்தகத்தில் கடற்சாமந்தியை முதுகில் சுமந்துகொண்டு வருமே, அந்தத் துறவி நண்டு. இவை அதன் ஒன்றுவிட்ட உறவு, கரையில் வாழும் கோனோபிட்டா இனம்.

அது ஏப்ரல் கடைசி. லூ என்று இங்கே சொல்லும் அனல்காற்று அடிக்கத் தொடங்கியிருந்தது. ஐந்தாம் நாள் காலை ஸ்பைடர்மேன் சங்கு காலியாகக் கிடந்தது. நண்டு பக்கத்தில், மெத்தென்ற வயிறு வெளியே தெரிய, அசையாமல் கிடந்தது.

"அப்பா, அது ஏன் வீட்டை விட்டு வெளியே வந்துச்சு?" என்றாள் மகள்.

பதில் தெரியவில்லை. மிச்சம் இரண்டையாவது காப்பாற்ற வேண்டுமே என்று தேட ஆரம்பித்தேன். தேடப் போனது பராமரிப்புக் குறிப்பு. அகப்பட்டது இரண்டாயிரத்து முந்நூறு வருஷத்துச் சரித்திரம். கொஞ்சம் நீளமாகத்தான் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

வீடு யாருடையது?

இந்த நண்டைப் பற்றி முதலில் விவரமாக எழுதியவர்களில் ஒருவர் அரிஸ்டாட்டில். கி.மு. நான்காம் நூற்றாண்டில் அவர் எழுதிய விலங்குகளின் வரலாற்றில் இது வருகிறது. உடம்பைப் பார்த்தால் நண்டு வகை, குடியிருப்பதைப் பார்த்தால் சங்கு வகை, ஆனால் சங்கோடு உடல் ஒட்டி இல்லை, வளர வளரப் பெரிய சங்குக்கு மாறிக்கொள்கிறது என்கிறார். இதெல்லாம் சரியான கவனிப்பு. மண்ணும் சேறும் சேர்ந்து இந்த நண்டு உண்டாகிறது என்றும் சொல்கிறார். அதை விட்டுவிடலாம். கண்ணுக்குத் தெரியாத குஞ்சுகள் கடலில் மிதப்பதை அவர் காலத்தில் யாரால் பார்த்திருக்க முடியும்?

வேடிக்கை என்னவென்றால், இரண்டாயிரம் வருஷம் கழித்து வந்த ஒரு பெரிய ஆள் இதைத் தலைகீழாகப் புரட்டினார். ஹாலந்துக்காரர் யான் ஸ்வாமர்டாம் (1637 - 1680). உருப்பெருக்கியும் நுண்ணிய கத்தியும் வைத்துக்கொண்டு பூச்சிகளை அறுத்துப் பார்ப்பதில் மன்னர். தேன்கூட்டின் 'ராஜா' ராஜாவே அல்ல, முட்டையிடும் ராணி என்று அறுத்துக் காட்டியவர். அவர் துறவி நண்டையும் அறுத்தார். உடம்பு சுருண்டு சங்கின் வளைவுக்கு அச்சாகப் பொருந்தியிருந்தது, தசை சங்கைப் பற்றியிருந்தது. உடனே முடிவு கட்டிவிட்டார்: இது இந்த நண்டின் சொந்த ஓடு, வீடு மாற்றுகிறது என்பதெல்லாம் கட்டுக்கதை. அவர் இறந்து அரை நூற்றாண்டுக்குப் பிறகு 1737-38இல் அச்சான இயற்கையின் வேதம் என்ற பெரும் நூலில் இது இருக்கிறது.

அவ்வளவு கூர்மையான கண்ணுக்கு இது எப்படித் தப்பியது? அவர் முன்னால் இருந்தது மேஜை மேல் கிடந்த செத்த நண்டு. செத்த நண்டு வீடு மாற்றாது. உயிரோடு, அதுவும் தேர்ந்தெடுக்க நாலு சங்கு பக்கத்தில் இருந்தால்தான் அது என்ன செய்கிறது என்று தெரியும். அதற்கு ஓர் இடம் வேண்டும். கடல் மாதிரி இருக்க வேண்டும், ஆனால் நாம் உட்கார்ந்து பார்க்க முடிய வேண்டும்.

மெஸ்ஸினாவின் தையல்காரி

அந்த இடத்தை உண்டாக்கியது ஒரு தையல்காரப் பெண். ழான் வில்ப்ரே, 1794இல் பிரான்சின் ஜூயாக் என்ற கிராமத்தில் பிறந்தவர். இளம்வயதில் நானூறு கிலோமீட்டருக்கு மேல் நடந்து பாரீஸ் போய்ச் சேர்ந்து தையல் வேலையில் அமர்ந்தார். 1816இல் நடந்த ஓர் அரச குடும்பத்துத் திருமணத்துக்கு மணப்பெண்ணின் உடையில் பூவேலை செய்ததில் பேர் கிடைத்தது. 1818இல் ஜேம்ஸ் பவர் என்ற அயர்லாந்து வணிகரைக் கல்யாணம் செய்துகொண்டு சிசிலித் தீவின் மெஸ்ஸினா துறைமுகத்தில் குடியேறினார். ஊரும் புதிது, பாஷையும் புதிது. அங்கே போய்த் தானாகவே இயற்கை விஞ்ஞானம் படித்தார்.

அப்போது ஒரு பழைய வழக்கு தீராமல் கிடந்தது. ஆர்கோனாட் என்று ஒரு சின்ன ஆக்டோபஸ். பெண் ஆர்கோனாட் மட்டும் காகிதம் போல மெல்லிய, வெள்ளை ஓட்டில் உட்கார்ந்திருக்கும். அந்த ஓடு அதுவே கட்டியதா, அல்லது துறவி நண்டு மாதிரி வேறு யாரோ கட்டியதில் புகுந்துகொண்டதா? பிரான்சின் பெரிய விலங்கியலாளர் ப்ளேன்வில் உட்படப் பலரும் இரண்டாவது கட்சி. திருட்டுக் குடித்தனம் என்பதே அவர்கள் தீர்ப்பு.

ழான் 1832 வாக்கில் கண்ணாடித் தொட்டிகள் செய்து கடல்நீர் நிரப்பி ஆர்கோனாட்டை வீட்டுக்குள் வைத்தார். கடலில் நங்கூரம் போட்டு நிறுத்தக்கூடிய கூண்டுகளும் செய்தார். முட்டையிலிருந்து வெளிவந்த குஞ்சுகளைக் கவனித்தார். பிறக்கும்போது ஓடு இல்லை, சில நாட்களில் அதுவே சுரந்து கட்டத் தொடங்குகிறது. வேண்டுமென்றே ஓட்டில் ஓட்டை போட்டுப் பார்த்தார். ஆர்கோனாட் கைகளால் தடவி அடைத்துச் சரிசெய்துகொண்டது. ஆக வீடு அதனுடையதே. வழக்கு முடிந்தது.

பிற்பாடு லண்டனின் ரிச்சர்ட் ஓவன் கண்ணாடித் தொட்டி முறையின் முன்னோடி என்று இவரைப் பாராட்டினார். சிசிலியை விட்டுக் கிளம்பியபோது இவருடைய குறிப்புகளிலும் படங்களிலும் பெரும்பகுதி கப்பலோடு கடலில் போய்விட்டது. 1871இல் பிறந்த ஊரிலேயே காலமானார். வீனஸ் கிரகத்தில் ஒரு பள்ளத்துக்கு 1997இல் அவர் பெயரை வைத்திருக்கிறார்கள்.

எனக்கு இதில் பிடித்த விஷயம் இது. சொந்த வீட்டுக்காரியைத் திருடி என்றார்கள், வாடகைக்கு இருப்பவரைச் சொந்தக்காரர் என்றார்கள். இரண்டு தப்பும் திருந்தியதற்குக் காரணம், உயிரோடு வைத்துப் பார்த்தது. இன்று நம் வரவேற்பறையில் பளபளக்கிற மீன்தொட்டியின் பூர்வீகத்தில் ஒரு வேர், 'இந்த வீடு யாருடையது' என்ற கேள்வி.

லண்டனுக்குள் கடல்

அடுத்த கட்டம் இங்கிலாந்து. 1845இல் அங்கே கண்ணாடி மீதான வரியை எடுத்தார்கள், கண்ணாடி மலிந்தது. 1846இல் அன்னா தின் என்ற பாதிரியார் மனைவி டார்கி கடற்கரையிலிருந்து பவள வகை உயிர்களை லண்டனுக்குக் கொண்டுவந்தார். புதுக் கடல்நீருக்கு அலைய முடியாமல், இருக்கிற தண்ணீரையே திறந்த ஜன்னல் முன்னால் நின்று பாத்திரத்திலிருந்து பாத்திரத்துக்கு ஊற்றி ஆற்றினார்கள். நாம் டீ ஆற்றுகிற மாதிரி. தினமும் முக்கால் மணி நேரம் வரை அந்த வேலை வீட்டுப் பணிப்பெண் தலையில் விழுந்தது. சரித்திரத்தில் அந்தப் பெண் பேர் இல்லை. பிறகு கடற்பாசியைச் சேர்த்தார்கள், அது காற்றைக் கொடுத்தது.

வேதியியலாளர் ராபர்ட் வாரிங்டன் 1850இல் இதன் கணக்கை எழுதி வெளியிட்டார். தங்கமீன் விடுகிற கரியமிலவாயுவைச் செடி எடுத்துக்கொள்கிறது, செடி விடுகிற ஆக்ஸிஜனை மீன் எடுத்துக்கொள்கிறது. ஆனால் அழுகிய இலை தண்ணீரைக் கெடுத்தது. நத்தையை விட்டார், அது அழுகலைத் தின்றது. மூவர் கூட்டணி நிலைத்தது.

1853இல் லண்டன் விலங்குக் காட்சிசாலையில் மீன் இல்லம் திறந்தது. 1854இல் பிலிப் ஹென்றி காஸ் அக்வேரியம் என்ற நூலை வெளியிட்டார். அந்தச் சொல்லை வீட்டுக்கு வீடு புழங்கவைத்த நூல் அது. சங்கின் மேல் கடற்சாமந்தியைச் சுமக்கும் துறவி நண்டு அதில் முக்கியப் பாத்திரம். சமையல் உப்பு, எப்சம் உப்பு, மெக்னீசியம் குளோரைடு, பொட்டாசியம் குளோரைடு என நாலு உப்பைக் கலந்து செயற்கைக் கடல்நீர் செய்யும் முறையையும் காஸ் எழுதினார். கடலே இல்லாத ஊரில் கடல் வைத்துக்கொள்ளலாம் என்றானது. நொய்டாவில் நான் பாக்கெட்டைப் பிரித்துக் கலக்குகிற கடல் உப்பின் கொள்ளுத்தாத்தா அதுதான்.

அடுத்த சில வருஷம் இங்கிலாந்தில் பைத்தியம் பிடித்த மாதிரி ஆனது. வாளியும் உளியும் எடுத்துக்கொண்டு குடும்பம் குடும்பமாகக் கடற்கரைக்குப் போனார்கள். வில்லியம் ஆல்ஃபர்ட் லாய்டு லண்டனில் கடல் உயிர்களுக்கென்றே கடை போட்டார். பத்து வருஷத்துக்குள் மோகம் வடிந்தது. ஆனால் காலங்காலமாக யார் கையும் படாதிருந்த பாறைக் குட்டைகள் சூறையாடப்பட்டுப் போயின. தன் அப்பாவின் நூல்களே அதற்கு வழிகாட்டின, அதை நினைத்து அப்பா வருந்தினார் என்று மகன் எட்மண்ட் காஸ் 1907இல் வெளிவந்த தன்வரலாற்றில் எழுதினார்.

நம் பக்கம் 1909இல் மதராஸ் மெரினாவில் மீன் காட்சியகம் திறந்தது. அதற்குள் கடலைக் கண்ணாடியில் அடைக்கிற வித்தை உலகம் முழுக்கப் பரவியிருந்தது.

கடலிலும் இல்லாமல் கரையிலும் இல்லாமல்

மேலே சொன்னதெல்லாம் தண்ணீர் நண்டின் கதை. எதிர் வீட்டுக்காரர் விட்டுப் போனது கரை நண்டு. இதன் குஞ்சுகள் கடலில் மிதந்து வளரும். ஒரு சின்னச் சங்கு கிடைத்ததும் அதற்குள் புகுந்து கரையேறும். அதற்கப்புறம் முட்டைகளைச் சேர்க்கப் பெண் நண்டு கடலோரம் போவதைத் தவிர வாழ்க்கை முழுக்கக் கரைதான். ஆழத் தண்ணீரில் போட்டால் மூழ்கிச் சாகும். ஆனால் மூச்சு விடுவது இன்னும் செவுளால்தான். செவுள் ஈரமாக இருக்க வேண்டும். அதனால் சங்குக்குள் கொஞ்சம் தண்ணீரையும் சுமந்து திரியும். காற்று காய்ந்தால் மெல்ல மெல்ல மூச்சு முட்டும்.

மகளின் கேள்விக்குப் பதில் அங்கே கிடைத்தது. அடைபட்ட பெட்டியில் நிலைமை தாங்க முடியாமல் போகும்போது இந்த நண்டு கடைசியில் வீட்டையே விட்டு வெளியே வந்துவிடும். அனல்காற்று நேரத்தில், மூடி திறந்த டப்பாவில், காய்ந்த ஸ்பாஞ்சோடு ஐந்து நாள் வைத்திருந்தது நான். எதிர் வீட்டுக்காரர் சொன்னதை ஒருமுறை சரிபார்த்திருக்கலாம். பார்க்கவில்லை. கரை நண்டுகள் முப்பது வருஷத்துக்கு மேலும் வாழக்கூடியவை என்று படித்தபோது அன்றைக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

இன்னொன்றும் படித்தேன். இவை கூண்டில் இனப்பெருக்கம் செய்வது மிக அபூர்வம். கடலில் மிதக்கும் குஞ்சுப் பருவத்தைத் தொட்டியில் கடத்துவது அவ்வளவு கஷ்டம். ஆகவே கடையில் விற்கிற நண்டு கிட்டத்தட்ட எல்லாமே ஏதோ ஒரு கரையில் பொறுக்கியது. இருபதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் கரீபியக் கரை நண்டுகள் அமெரிக்கக் கடைகளில் குவிந்தன. குழந்தைகளைக் கவரப் பெயின்ட் அடித்த சங்கு அந்த வியாபாரத்தின் அடையாளம் ஆனது. ஜப்பான் வேறு வழியில் போனது. 1970இல் கரை நண்டுகளை இயற்கை நினைவுச் சின்னமாக அறிவித்துக் காப்பாற்றியது. 1972இல் ஒக்கினாவா திரும்ப ஜப்பானோடு சேர்ந்தது. அங்கே நண்டு ஏராளம் என்பதால், உரிமம் உள்ளவர்கள் மட்டும் பிடிக்கலாம் என்றானது.

ஜப்பானிய மொழியில் இதன் பேர் யதோகரி. 'தங்க இடம் இரவல் வாங்குபவர்' என்று அர்த்தம். நாம் துறவி என்கிறோம், அவர்கள் குடித்தனக்காரர் என்கிறார்கள். என்னைக் கேட்டால் அவர்கள் வைத்த பேர்தான் பொருத்தம். துறவிக்கு வீட்டைப் பற்றி இவ்வளவு கவலை இருக்காது :-) ஆனால் துறவி என்ற பேருக்கும் அங்கே ஓர் ஆதரவு உண்டு. 1212இல் கமோ நோ சோமெய் என்ற துறவி, பத்தடிக்குப் பத்தடிக் குடிசையில் இருந்துகொண்டு ஒரு சிறு நூல் எழுதினார். தன் குடிசைக்கு அவர் சொன்ன உவமைகளில் ஒன்று, அளவறிந்து சின்னச் சங்கை விரும்பும் இந்த நண்டு.

ஒரு வீடு காலியானால்

1970இல் ஹாரிசன் ஒயிட் என்ற அமெரிக்கச் சமூகவியலாளர் ஒரு நூல் வெளியிட்டார். ஒரு சர்ச்சில் பாதிரியார் ஓய்வு பெற்றால் இன்னொரு ஊர்ப் பாதிரியார் அங்கே வருகிறார், அவர் இடத்துக்கு வேறொருவர், அவர் இடத்துக்கு இன்னொருவர். ஒரே ஒரு காலியிடம் சங்கிலி போல நகர்ந்து பலருக்கு வாழ்வு தருகிறது. அரசாங்க அலுவலகத்தில் வேலை பார்த்தவர்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லித் தரவே வேண்டாம்.

ஐவன் சேஸ் என்ற ஆய்வாளர் இதே சங்கிலியைத் துறவி நண்டிடம் கண்டு, சகாக்களோடு 1988இல் எழுதினார். ஒரு பெரிய சங்கு காலியாகக் கிடைத்தால் ஒரு நண்டு அதற்குப் போகும். அது விட்ட சங்கை அடுத்தது எடுக்கும், அதனுடையதை அதற்கடுத்தது. 2010இல் பெலீஸ் நாட்டுக் கரை நண்டுகளைப் பற்றி வந்த ஆய்வு இன்னும் சுவாரசியம். காலிச் சங்கின் பக்கத்தில் நண்டுகள் பெரிதிலிருந்து சிறிது வரை வரிசை கட்டி நிற்கும். முதல் நண்டு மாறிய உடனே படபடவென்று வரிசை முழுக்க மாறிவிடும். ரேஷன் கடை வரிசையில்கூட இந்த ஒழுங்கு கிடையாது.

2012இல் மார்க் லேய்ட்ரெ என்பவர் எழுதியது எனக்கு ரொம்பப் பிடித்தது. கரை நண்டுகள் சங்கின் உட்சுவரையும் நடுத்தண்டையும் தேய்த்து எடுத்துவிடுகின்றன. உள்ளே இடம் பெரிதாகிறது, எடை குறைகிறது. இப்படிச் சரிசெய்த சங்கு ஒன்றிடமிருந்து இன்னொன்றுக்கு என்று தலைமுறை தலைமுறையாகக் கைமாறுகிறது. பெரிய நண்டுக்குப் புதுச் சங்கைவிட முன்னால் குடியிருந்தவர் ஆணி அடித்து, பரண் போட்டு வைத்த பழைய சங்குதான் வசதி.

இதற்கு மறுபக்கம், சங்கே கிடைக்காத கரை. ஸ்பெயினில் ஒரு கடற்கரையில் 1978-81க்கும் 2008-10க்கும் இடையே சுற்றுலாக் கூட்டம் 2.7 மடங்கு ஏறியபோது சங்கு, சிப்பி 2.6 பங்கு குறைந்தது என்று ஓர் ஆய்வு சொன்னது. 2024இல் போலந்து ஆய்வாளர்கள் இணையத்தில் கிடைக்கும் படங்களை அலசினார்கள். 386 கரை நண்டுகள் சங்குக்குப் பதில் குப்பையில் குடியிருந்தன. அதிலும் சுமார் 85 விழுக்காடு பிளாஸ்டிக் மூடி. நாம் கடற்கரைக்குப் போய் ஞாபகார்த்தமாக எடுத்து வந்து அலமாரியில் வைக்கிற சங்கு ஒவ்வொன்றும் யாரோ ஒருவர் குடிபோக வேண்டிய வீடு.

நொய்டாவில் ஒரு கடற்கரை

"பேசாம கடல்ல கொண்டுபோய் விட்டுடலாமே" என்றார் தங்கமணி. நியாயமான யோசனை. ஆனால் எந்தக் கடலில்? கிட்டத்துக் கடலே ஆயிரம் கிலோமீட்டர். இவை எந்தக் கரையில் பிடித்தவை என்று எதிர் வீட்டுக்காரருக்கும் தெரியாது. தெரியாத கரையில் விடுவது, அங்கே ஏற்கெனவே இருப்பவற்றுக்கு நோயைக் கொண்டுபோவதாகவும் முடியலாம். வைத்துக்கொள்வதுதான் வழி. வைத்துக்கொள்வதென்றால் ஒழுங்காக.

பழைய மீன்தொட்டி ஒன்று வாங்கினேன். மேலே கண்ணாடி மூடி போட்டு ஈரம் வெளியே போகாமல் அடைத்தேன். உள்ளே ஈரப்பதம் 80 விழுக்காடு, வெப்பம் 25 முதல் 29 டிகிரி. இரண்டையும் காட்ட ஒரு மீட்டர். வெளியே அனல், ஏசி போட்டால் அதுவும் காய்ச்சும். மூடி இல்லாமல் இந்த ஊரில் நடக்காது.

கூழாங்கல்லை எறிந்தேன். ஐந்து பங்கு மணலுக்கு ஒரு பங்கு தேங்காய் நார்த்தூள் கலந்து, பிடித்தால் கொழுக்கட்டை மாதிரி நிற்கிற பதத்தில் உப்புத் தண்ணீரால் பிசைந்து முக்கால் அடி ஆழத்துக்கு நிரப்பினேன். ஆழம் ஏன் என்றால், இந்த நண்டு சட்டை உரிப்பது மண்ணுக்கு அடியில். வாரக்கணக்கில், பெரிய நண்டு மாதக்கணக்கில் வெளியே வராது. உரித்த சட்டையைத் தானே தின்று சுண்ணாம்புச் சத்தைத் திரும்ப எடுத்துக்கொள்ளும். செத்துவிட்டது என்று தோண்டினால் நாமே கொன்றதாகும்.

தண்ணீர்க் கிண்ணம் இரண்டு. ஒன்றில் நல்ல தண்ணீர், ஒன்றில் கடல் உப்புக் கலந்தது. இரண்டிலும் குளோரின் இருக்கக் கூடாது. ஏறி வெளியே வர உள்ளே ஒரு கல். ஏறுவதற்கு ஒரு கட்டை, ஒளிய அரைச் சிரட்டை. சாப்பாட்டுக்கு உப்பில்லாத தேங்காய்ச் சில், பழம், கீரை, உப்பில்லாத காய்ந்த இறால், முட்டை ஓடு.

மிச்சமிருந்தது முக்கியமான விஷயம், சங்கு. பெயின்ட் அடித்த சங்கில் இவற்றை விடக் கூடாது, பெயின்ட் உரிந்து வயிற்றுக்குள் போகும். பிடுங்கி மாற்றவும் முடியாது, பிடுங்கினால் உடம்பு இரண்டாகும், சங்கு வராது. பக்கத்தில் நல்ல சங்குகளை வைத்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். வாங்கலாம் என்றால், ஏதோ ஒரு கரையில் ஒரு நண்டின் வீட்டை எடுத்து என் வீட்டு நண்டுக்குக் கொடுக்கிற கதை. மேலும் 2001இல் பல சங்கு இனங்களைக் காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டப் பட்டியலில் சேர்த்திருக்கிறார்கள். கடையில் இருப்பது எது என்று பிரித்துப் பார்க்க எனக்குத் தெரியாது.

விடை ஒரு வில்லனிடமிருந்து வந்தது. ஆப்பிரிக்க ராட்சச நத்தை. 1847இல் பென்சன் என்ற வெள்ளைக்காரர் மொரீஷியசிலிருந்து கல்கத்தாவுக்குக் கொண்டுவந்த நத்தை. இன்று கேரளாவில் மழைக்காலத்தில் வாழை, பப்பாளி, ரப்பர் என்று எதையும் விடுவதில்லை. ஜப்பான் தீவுகளிலும் இது புகுந்தது. ஆனால் அங்கே கரை நண்டுகள் இதன் காலி ஓட்டில் ஜம்மென்று குடியேறிவிட்டன. ஒருவருக்குப் பயிர்க்கொல்லி, இன்னொருவருக்கு மாடி வீடு.

அலுவலகத்தில் கேரள நண்பர் ஒருவரிடம் கேட்டேன். "ஓட்டை மட்டும் அனுப்பணுமா? நத்தையையும் சேர்த்து எவ்வளவு வேணும்?" என்றார். ஒரே ஒரு நிபந்தனை போட்டேன். நத்தையைக் கொல்ல அங்கே புகையிலைக் கஷாயத்தோடு மயில்துத்தம் கலந்து தெளிப்பார்கள், செம்பு நண்டுக்கு விஷம். தானாகச் செத்துக் காய்ந்து கிடக்கிற ஓடுதான் வேண்டும். அவருடைய அம்மா தோட்டத்தில் பொறுக்கி, வெவ்வேறு அளவில் ஒன்பது ஓடுகள் அனுப்பினார். கொதிக்கவைத்துக் கழுவித் தொட்டியில் ஒரு மூலையில் அடுக்கினேன்.

மூன்று வாரம் ஒன்றும் நடக்கவில்லை. பெரிய நண்டு, அதாவது கால்பந்துக்காரர், தினமும் ராத்திரி வந்து ஒவ்வோர் ஓட்டையும் உருட்டிப் பார்க்கும், உள்ளே கையை விட்டு அளக்கும், போய்விடும். வாடகைக்கு வீடு பார்க்கிற ஆள் குழாயைத் திறந்து பார்க்கிற மாதிரியே இருக்கும். அப்புறம் ஒரு ராத்திரி பதினொன்றரை மணிக்கு மகள் வந்து உலுக்கினாள். ஓடிப்போய்ப் பார்த்தேன். கால்பந்து கழன்று பக்கத்தில் கிடந்தது, பெரிய நண்டு நத்தை ஓட்டுக்குள் உட்கார்ந்திருந்தது. அதற்குள் சின்னது, கிழிந்த ரோஸ் பெயின்டோடு இருந்தது, கால்பந்தை நெருங்கி உள்ளே கையை விட்டு அளக்க ஆரம்பித்தது. இரண்டு நிமிஷத்தில் அதுவும் மாறிவிட்டது. ரோஸ் சங்கு காலி. சேஸ் எழுதிய சங்கிலி, இரண்டே கண்ணியோடு.

அதற்கு மறுவாரம் சின்னதும் கால்பந்தை விட்டு ஒரு சின்ன நத்தை ஓட்டுக்குப் போனது. ஸ்பைடர்மேன், கால்பந்து, ரோஸ் மூன்றையும் எடுத்துவிட்டேன்.

மகள் அவள் வகுப்பில் இதைச் சொல்லியிருக்கிறாள் போல. மூன்று அம்மாக்கள் எந்தக் கடையில் கிடைக்கும் என்று கேட்டுவிட்டார்கள். அவர்களிடம் சொன்னதையே இங்கும் சொல்கிறேன். வாங்காதீர்கள். இருநூறு வருஷத்தில் கண்ணாடிக்குள் கடல்நீரை நிறுத்தக் கற்றுக்கொண்டோம், இந்த நண்டைக் கடைக்குத் தேவையான அளவுக்கு அதற்குள் பிறக்கவைக்க இன்னும் கற்றுக்கொள்ளவில்லை. ஒன்று வாங்கினால் கரையிலிருந்து இன்னொன்று கிளம்பும். யாராவது ஊரை விட்டுப் போகும்போது உங்கள் தலையில் கட்டினால் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். அன்றைக்கே மூடி போடுங்கள், ஆழமாக மணல் போடுங்கள், இரண்டு தண்ணீர் வையுங்கள், நாலைந்து காலி வீடு பக்கத்தில் வையுங்கள். எனக்கு இது தெரிய ஐந்து நாள் ஆனது. அந்த ஐந்து நாளில் ஒன்று போய்விட்டது.

எங்கள் ஒப்பந்தம் வருகிற பிப்ரவரியில் முடிகிறது. வீட்டுக்காரர் வாடகையை ஏற்றுவார் என்று தெரிகிறது. வேறு வீடு பார்க்கும்போது, தொட்டி வைக்க வெயில் படாத ஒரு மூலை இருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும் என்று மகள் இப்போதே சொல்லிவிட்டாள். பெரியது பத்து நாளாக மணலுக்கு அடியில் இருக்கிறது. யாரும் தோண்டவில்லை.